முன்பணம் என்னும் தூண்டில்

ஆள் கடத்தல் பெரும்பாலும் ஒரு வாக்குறுதியில்தான் தொடங்குகிறது. கோலார் தங்கவயலின் பழைய கதை சொல்லும் பாடம் அது.

பொழுது விடியும் முன்பே மாரிக்குப்பம் ரயில் நிலையம் பரபரப்பாகிவிடுகிறது. சாப்பாட்டு டப்பாவுடன் பெங்களூர் ரயிலுக்கு முண்டியடிக்கும் கூட்டம். போக மட்டும் சுமார் 100 கி.மீ. வீடு திரும்ப இரவாகிவிடும். 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு, பலருக்கு இந்த ரயில்தான் பிழைப்பு.

அலுப்பான வாழ்க்கைதான். ஆனால் பிடிக்காத வேலையை விட்டுவிட இவர்களால் முடியும். அந்த உரிமையைப் பறிப்பதுதான் ஆள் கடத்தலின் சாரம்.

இவர்களுடைய முன்னோர்களுக்கு அது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே தங்கம் தோண்டத் தொடங்கியபோது ஆள் பிடித்துக் கொடுத்தவர்கள் ஒப்பந்தக்காரர்கள். வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற தலித்துகள். கையில் முன்பணம், கழுத்தில் கடன். 1930இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யும் திட்டம் வந்தபோது அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தங்களைக் கட்டிப்போடும் கயிறு எது என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

சுரங்கம் போய்விட்டது. முன்பணம் போகவில்லை. செங்கல் சூளைக்கும் கல் குவாரிக்கும் அரிசி ஆலைக்கும் ஆள் தேடி வரும் தரகர் இன்றும் அதைத்தான் நீட்டுகிறார். பல சமயம் அவர் அந்நியர் அல்ல. உறவினர் அல்லது ஊர்க்காரர். பேசிய கூலி ஒன்று, கிடைப்பது வேறு. ஆதார் அட்டை முதலாளியிடம். கணக்கு கேட்டால், "முதலில் கடனை அடை."

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சாசனத்தின் 23ஆவது பிரிவு மனித வியாபாரத்தையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆவது பிரிவின்படி, சுரண்டும் நோக்கத்துடன் மிரட்டியோ ஏமாற்றியோ ஆசை காட்டியோ ஒருவரை வேலைக்குச் சேர்ப்பதும், அழைத்துச் செல்வதும், அடைத்து வைப்பதும் ஆள் கடத்தல்தான். குறைந்தபட்சத் தண்டனை ஏழு ஆண்டு சிறை. "அவராகத்தானே சம்மதித்து வந்தார்" என்ற வாதம் செல்லாது.

1976இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கொத்தடிமைக் கடனைத் திருப்பித் தரவே வேண்டியதில்லை. 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதுகூடக் கட்டாய உழைப்பே என்றது.

ஆனால் பூட்டிய வாசலுக்குள் இருப்பவருக்குச் சட்டம் தெரியாது. எனவே புறப்படும் முன்பே எச்சரிக்கை தேவை. வேலையிடத்தின் முழு முகவரி, முதலாளியின் பெயர், தரகரின் தொலைபேசி எண் ஆகியவற்றை வீட்டில் எழுதி வைக்க வேண்டும். ஆதாரின் நகலை மட்டுமே கொடுக்க வேண்டும். முகவரி சொல்லத் தயங்கும் தரகருடன் போகவே கூடாது.

சிக்கியவர்களுக்கு: அவசர உதவிக்கு 112, குழந்தைகளுக்கு 1098, இலவசச் சட்ட உதவிக்கு 15100. மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ எழுதிக் கொடுத்தால் அவர்கள் விசாரித்தாக வேண்டும். மீட்கப்பட்டவர் விடுதலைச் சான்றிதழைக் கேட்டு வாங்குவது முக்கியம். பழைய கடனைக் காட்டி மறுபடி இழுக்க வருபவரைத் தடுக்கும் கேடயம் அந்தக் காகிதம்தான். உடனடி நிவாரணமாக 30,000 ரூபாய் வரை கிடைக்கவும் வழியுண்டு.

இரவு ரயில் மாரிக்குப்பத்துக்குத் திரும்பும்போது பயணிகள் களைத்துப்போயிருப்பார்கள். ஆனாலும் வீடு திரும்புகிறார்கள். தரகர் காட்டும் வேலையை எடைபோட அந்த ஒரு கேள்வி போதும்: நினைத்தபோது திரும்பி வர முடியுமா?