அடுப்பின் மேல் பெட்ரோல்

அடுப்பில் வைத்த பால் பொங்கினால் நட்டம் பாலோடு போகும். பெட்ரோலை அடுப்பின் மேல் வைத்தால்? இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை உற்பத்தியான எம்.ஜி.பி. என்னும் அழகிய விளையாட்டுக் காரின் அமைப்பு ஏறக்குறைய அத்தகையதே.

அதன் 1,798 சி.சி. எஞ்சினில் பெட்ரோல் கலவை உட்செல்லும் வழியும் எரிந்த புகை வெளியேறும் வழியும் ஒரே பக்கத்தில் உள்ளன. 'எக்ஸாஸ்ட் மானிபோல்டு' எனப்படும் வார்ப்பிரும்புப் புகைக்குழாய் கீழே கொதிக்க, எஸ்.யூ. கார்புரேட்டர்கள் இரண்டும் அதற்கு மேலே அமர்ந்திருக்கின்றன. இடையே இருப்பது ஒரு தகட்டுத் தடுப்பு மட்டுமே.

வண்டி ஓடும்வரை தொல்லையில்லை. விசிறி காற்றை இழுக்கிறது. புதிய பெட்ரோல் இடையறாது வந்து கார்புரேட்டரைக் குளிர்விக்கிறது. எஞ்சினை நிறுத்தியதும் இவ்விரண்டும் நின்றுவிடும். இரும்பில் தேங்கிய வெப்பமோ மேலெழுந்தவண்ணம் இருக்கும். கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்திலுள்ள பெட்ரோல் கொதித்து ஆவியாகிறது. பத்து நிமிடம் கழித்து வந்தால் வண்டி கிளம்ப மறுக்கிறது. உரிமையாளரோ பாட்டரியைக் குறை கூறுகிறார்!

பரிகாரம் யாது? முதலில் வெப்பம் மிகாமல் காக்க வேண்டும். பிளக்கில் பொறி உரிய நேரத்துக்குப் பிந்தி எழுந்தால் புகையின் சூடு ஏறும். ஆகவே அதனைச் சரிபார்த்தல் முதற்கடமை. அடுத்தது தகட்டுத் தடுப்பு. இடைஞ்சல் என்று அதனைக் கழற்றி எறிவோர் உளர். அது பெரும் பிழை. பழைய தடுப்புகளில் கல்நார் இருக்கக்கூடுமாதலால் அதனைச் சுரண்டலாகாது. புதியது வாங்கிப் பொருத்துவதே நலம். கார்புரேட்டருக்கும் அதன் குழாய்க்கும் இடையிலுள்ள வெப்பம் கடத்தாத கட்டைகளும் பழுதின்றி இருத்தல் வேண்டும்.

புகைக்குழாயின் மேல் நாடா சுற்றுவது இன்று பலர் கையாளும் முறை. அது வெப்பத்தை உள்ளேயே அடக்கும் என்பது மெய்தான். ஆயினும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்வதால் எஃகுக் குழாய் துருப்பிடிக்க ஏதுவாகும். செலவு சற்று மிகினும் செராமிக் பூச்சே மேலானது.

நம் நாட்டில் பழைய கார்களைப் பேணும் அன்பர்களுக்கு மற்றொரு கவலையும் உண்டு. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2023 முதல் விற்பனைக்கு வந்துள்ளது. அக்காலத்து ரப்பர் குழாய்கள் எத்தனாலைத் தாங்கும்பொருட்டுச் செய்யப்பட்டவையல்ல. அவை வெடித்து, கசியும் பெட்ரோல் கொதிக்கும் இரும்பின்மேல் வீழ்ந்தால் விளைவு தீயே. எனவே எத்தனால் தாங்கும் குழாய்களை மாற்றுவதும், தீயணைப்புக் கருவியொன்றை வண்டியில் வைத்திருப்பதும் இன்றியமையாதவை.

வெயிலில் நெடுந்தூரம் ஓடிய வண்டியை நிறுத்தியதும் பானெட்டைச் சற்றுத் திறந்து வையுங்கள். அவசரப்பட்டுச் சூடான இரும்பில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது விரிசல் காணும். அறுபதாண்டு உழைத்த எஞ்சினுக்கு அரைமணி நேர ஓய்வு அளிப்பதில் நமக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?