வாவிக்கரை கண்ட பெரியோர்

“விஞ்ஞானம் கற்பதா, கலை கற்பதா?” என்று மாணவர் பலர் ஆசிரியரை வினாவுகின்றனர். விஞ்ஞான வகுப்பில் இடங்கிடையாதவரே தமிழுக்கு வருவர் என்னும் எண்ணமும் சிலரிடம் உண்டு. தமிழாசிரியனாகிய எனக்கு அது வருத்தந் தருவதொன்று. அவ்வினாவுக்குரிய விடையை மீன்பாடும் தேனாடாகிய நம் மட்டக்களப்பு நாட்டோடு தொடர்புற்ற பெரியோர் நால்வரின் வாழ்க்கையிற் காணலாம்.

முதலில் நினைக்கத்தக்கவர் விபுலாநந்த அடிகளார். 1892 இல் காரைதீவிற் பிறந்த இவருக்குப் பிள்ளைத் திருநாமம் மயில்வாகனம். கொழும்பில் ஆசிரியர் பயிற்சி பெற்று, எம்போன்ற பயிற்றப்பட்ட ஆசிரியராகவே தொழில் தொடங்கினார். 1916 இல் விஞ்ஞானத்தில் தகைமைப் பத்திரம் பெற்றார்; அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விலும் சித்தியெய்தினார். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியானார். பின்னர்த் துறவு பூண்டு, இராமகிருஷ்ண சங்கப் பாடசாலைகளை வளர்த்தார். கல்லடி உப்போடையில் 1929 இல் எழுந்த சிவாநந்த வித்தியாலயம் அவர்தம் உழைப்பின் பயனாகும். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதற் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார்.

அடிகளார் கற்ற விஞ்ஞானம் வீண்போயிற்றோ? இல்லை. பழந்தமிழர் வாசித்து, பிற்காலத்து வழக்கொழிந்த யாழின் அமைப்பையும் சுருதிகளையும் ஆராய முற்பட்டபோது, இலக்கியச் சான்றோடு கணக்கும் ஒலியியலும் அவருக்குத் துணையாயின. பல்லாண்டு முயன்று இயற்றிய ‘யாழ் நூல்’ 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று. அடுத்த மாதம் 19 ஆந் திகதி அடிகளார் மறைந்தார். கணிதம் அறியாத தமிழ்ப் புலவரோ, தமிழறியாத கணித வல்லாரோ அந்நூலைச் செய்திருத்தல் அரிது.

இரண்டாமவர் மண்டூர்ப் புலவர்மணி ஏ. பெரியதம்பிப்பிள்ளை (1899–1978). வடமொழிக் கீதையின் பொருளைத் தமிழ் வெண்பாவில் அமைத்துத் தந்தவர். ஒரு மொழியிற் கண்ட செல்வத்தை மற்றொரு மொழிக்கு ஈந்த பணி இது.

மூன்றாமவர் நம் நாட்டிற் பிறந்தவரல்லர். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரத்து இயேசு சபைத் துறவியாகிய வெபர் அடிகளார் புனித மிக்கேல் கல்லூரியிற் பணிபுரிந்து, கூடைப்பந்தாட்டத்திலும் மெய்வல்லுநர் விளையாட்டுக்களிலும் இளைஞரைப் பயிற்றினார். 1998 இல் மறையும்வரை இம்மண்ணையே தம் இல்லமாகக் கொண்டார். மட்டக்களப்பு நகரத்து விளையாட்டரங்கு அவர் பெயராலேயே வழங்குகின்றது.

நான்காமவர் பாலு மகேந்திரா. 1939 இல் அமிர்தகழியிற் பிறந்து, பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்றார். ஒளிக்கருவியின் நுட்பம் அறிந்த அவர், சாளரத்தினூடே வரும் இயற்கை வெளிச்சத்தைக் கொண்டே மாந்தர் மனநிலையைக் காட்டினார். 1982 இல் வெளிவந்த ‘மூன்றாம் பிறை’ அவருக்கு இந்திய தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. 2014 இல் சென்னையிற் காலமானார்.

துறவி, புலவர், விளையாட்டாசிரியர், திரைக்கலைஞர் எனத் தொழிலால் வேறுபட்ட இந்நால்வரும் தாம் தேர்ந்த துறையை முழுதுறக் கற்றனர். கற்றதைப் பிறருக்கு உதவினர். ஆதலின் மாணவர்காள், எத்துறை உயர்ந்தது என்று கேளாது, எடுத்த துறையை எவ்வளவு ஆழமாகக் கற்கின்றோம் என்று உங்களையே கேளுங்கள்.

பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். ஏட்டில் இடம்பெறாத அண்ணாவிமாரும் வைத்தியரும் ஆசிரியரும் உங்கள் ஊர்தோறும் வாழ்ந்திருப்பர். அவர்களை நேரிற் கண்டோர் உள்ளபோதே அவர்தம் வரலாற்றை எழுதி வையுங்கள். வரும் மலர்கள் அவற்றால் நிறைவு பெறுக.