ஆர் பேஸ் மட்டும் ஏன் திணறுகிறது?

வீட்டு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டி.பி. பெட்டியின் கதவைத் திறந்தால் உள்பக்கம் ஓர் அட்டவணை ஒட்டியிருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இருக்காது. இருந்தாலும் 'ஹால்', 'கிச்சன்' என்று ஸ்கெட்ச் பேனாவில் கிறுக்கியதோடு சரி. காலை ஆறரை மணிக்கு மெயின் எம்.சி.பி. விழும்போதுதான் அது நினைவுக்கு வரும்.

ஒழுங்கான அட்டவணையில் சர்க்யூட்டுக்கு ஒரு வரி: எந்த அறை, எத்தனை வாட்ஸ், எந்த எம்.சி.பி., என்ன ஒயர். வலப்பக்கம் ஆர், ஒய், பி என மூன்று பேஸுக்கு மூன்று கட்டங்கள். விஷயமெல்லாம் அந்த மூன்றில்தான்.

த்ரீ பேஸ் இணைப்புள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஆர் பேஸில் 1,700 வாட்ஸ் ஏ.சி. இரண்டு, 2,000 வாட்ஸ் வாட்டர் ஹீட்டர் இரண்டு, 1,000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸ், ஆக 8,400. ஒய் பேஸில் இண்டக்‌ஷன் அடுப்பு, மிக்ஸி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் சேர்த்து 3,450. பி பேஸில் விளக்கு, ஃபேன், டி.வி. மட்டும்: 750. கூட்டினால் 12,600 வாட்ஸ். மூன்றால் வகுத்து, 230 வோல்ட்டாலும் வகுத்தால் பேஸுக்குப் பதினெட்டுச் சொச்சம் ஆம்பியர். மெயினோ 25 ஆம்பியர். தாராளம்!

மின்சாரத்துக்குச் சராசரி தெரியாது. ஆர் பேஸை மட்டும் 230-ஆல் வகுத்துப் பாருங்கள்: 36.5 ஆம்பியர். பி பேஸில் மூன்றேகால் சொச்சம்தான். 25 ஆம்பியர் எம்.சி.பி. இந்த அளவு மிகையில் சட்டென்று விழாது; சற்றுநேரம் சூடேறித்தான் விழும். ஹீட்டர் போட்டபோது ஒன்றும் ஆகவில்லை, இஸ்திரி போடும்போது விழுந்தது என்பதால் பழி அயர்ன் பாக்ஸ் தலையில் விடியும்.

'மெயினை நாற்பதாக மாற்றிடலாம் சார்' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எம்.சி.பி. காப்பது ஒயரை. ஒயர் பழையபடியே இருக்க, எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால் அடுத்து சூடேறுவது சுவருக்குள் இருக்கும் ஒயர்.

ஓர் ஏ.சி.யையும் ஒரு ஹீட்டரையும் பி பேஸுக்கு மாற்றினால் போதும். ஆர் 20.4, ஒய் 15, பி 19.3 ஆம்பியர் என்று ஓரளவு சமமாகிவிடும். மின்கசிவு வந்தால் விழும் ஆர்.சி.சி.பி. பேஸுக்கு ஒன்றாகத் தனித்தனியே இருந்தால், பேஸ் ஒயரோடு நியூட்ரலையும் சேர்த்து மாற்ற வேண்டும்; மறந்தால் ஸ்விட்ச் போட்டதுமே அது விழும்.

அட்டவணையில் உள்ளதெல்லாம் ஒரே நேரத்தில் ஓடாதே என்பீர்கள். உண்மைதான், அதற்காகத்தான் பொறியாளர்கள் 'டைவர்சிட்டி' என்று மொத்தத்தில் கொஞ்சம் கழிப்பார்கள். ஆனால் ஒரு ஹெச்.பி. தண்ணீர் மோட்டாரின் 746 வாட்ஸைக் கழிப்பதுபோல ஹீட்டரைக் கழிக்க முடியாது. மோட்டாரை மதியம் போட்டுக்கொள்ளலாம். பள்ளிக்கூட நாளில் இரண்டு குளியலறை ஹீட்டரும் ஒரே அரைமணியில்தான் ஓடும். யார் எப்போது எழுகிறார்கள் என்று கேட்காத எலக்ட்ரீஷியன் பாதிக் கணக்கைத்தான் போடுகிறார்.

மாற்றி முடித்ததும் அட்டவணையையும் திருத்தச் சொல்லுங்கள். பென்சிலில் எழுதினால் போதும். அடுத்த கோடைக்கு மூன்றாவது ஏ.சி. வரத்தானே போகிறது!