044 போட எத்தனை துடிப்பு?

கோயம்புத்தூரிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலையை லேண்ட்லைனில் கூப்பிட, முதலில் 044. பழைய ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சுக்கு இது வெறும் துண்டிப்புக் கணக்கு. 0-வுக்கு லைன் 10 முறை அறுந்து சேரும். 4-க்கு 4 முறை. ஆக 18 துடிப்பு, நொடிக்கு 10 வீதம் 1.8 நொடி. எண்களுக்கு நடுவே விடும் இடைவெளி தனி.

டோன் முறையில் 5-ஐ அழுத்தினால் 770, 1336 ஹெர்ட்ஸ் ஒலிகள் சேர்ந்தே கிளம்பும். ஏன் இரண்டு? ஒற்றை ஒலியென்றால், யாரோ அடிக்கும் விசில்கூட எக்ஸ்சேஞ்சை ஏமாற்றிவிடும்.

போனுக்குள் இருக்கும் டயலர் சிப் துடிப்பு, டோன் என இரண்டு முறைகளையும் அறியும். அதற்குத் தாளம் போடுவது 3.58 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். அமெரிக்கக் கலர் டிவிக்காகக் குவிந்த மலிவுச் சரக்கு. (நம் பழைய கலர் டிவிக்கு 4.43.) அந்தத் துடிப்பைச் சுமார் 4,650-ஆல் வகுத்தால் 770 வந்துவிடும்.

சாதாரண போனில் பொத்தான்களிலிருந்து சிப்புக்கு 4 வரிசை, 3 நெடுவரிசை என ஏழு கம்பிகள். நள்ளிரவில் ஆலையில் திருட்டு அலாரம் அடித்தால் பொத்தானை அழுத்த விரல் ஏது? மைக்ரோகன்ட்ரோலர்தான் எண்ணைச் சொல்லவேண்டும். சீரியல் வகை டயலர் சிப்பில், அதிலிருந்து ஒரு கம்பி வழியே பிட்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ‘இப்போது படி’ என்று இன்னொரு கம்பியில் கடிகாரத் துடிப்பு தட்டும். ஏழு கம்பி வேலை இரண்டில் முடிகிறது. மைக்ரோகன்ட்ரோலரில் மிச்சமாகும் கால்களைச் சைரனுக்கும் கதவு சென்சாருக்கும் கொடுத்துவிடலாம்.