எலும்பைக் காக்கும் ஹார்மோன்: யாருக்கு, எந்த வயதில்?

நம் உடம்பிலுள்ள எலும்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் கரைந்து, அந்த இடத்தில் புது எலும்பு உருவாகிறது. கரைப்பவை ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் செல்கள், கட்டுபவை ஆஸ்டியோபிளாஸ்ட்கள். குடியிருந்துகொண்டே வீட்டைப் பழுதுபார்ப்பது போன்ற வேலை இது. இடிக்கிற ஆள் சில வாரத்தில் இடித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்; அதே இடத்தைக் கட்டி முடிக்கக் கொத்தனாருக்கு மாதக்கணக்கில் ஆகும். இடிக்கிற ஆட்கள் கூடிவிட்டால் கொத்தனாரால் ஈடுகொடுக்க முடியாது. அந்த ஆட்களின் எண்ணிக்கையை அளவோடு வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன். புது ஆஸ்டியோகிளாஸ்ட்கள் பெருகாமல் அடக்குவதும், இருப்பவற்றின் ஆயுளைக் குறைப்பதும் அதன் வேலை.

ஈஸ்ட்ரோஜன் பெண்களுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணத்தை 1994இல் வெளிவந்த ஓர் அமெரிக்க மருத்துவ அறிக்கை மாற்றியது. 28 வயது இளைஞர் ஒருவர், உயரம் 204 செ.மீ., இன்னும் வளர்ந்துகொண்டே இருந்தார். உடலில் டெஸ்டோஸ்டிரோனுக்குக் குறைவில்லை. ஆனால் மரபணுக் கோளாறால் ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் திறன் இல்லை. எலும்பின் வளர்ச்சி முனைகள் மூடவில்லை, எலும்போ மெலிந்திருந்தது. ஆண்களின் உடலும் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றித்தான் எலும்பைக் காப்பாற்றுகிறது. ஆண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் வயதோடு மெல்லக் குறையும். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்போது சட்டென்று சரிகிறது.

மேலைநாடுகளில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 51. இந்தியப் பெண்களுக்கு 46, 47. அதைத் தொடர்ந்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் எலும்பில் 20 சதவீதம் வரை இழக்கிறவர்கள் உண்டு. முதலில் அடி வாங்குவது முதுகெலும்பு. அதன் உட்புறம் மெல்லிய எலும்புத் தகடுகளும் குச்சிகளும் பின்னிய வலை. பரப்பு அதிகம் என்பதால் கரைப்பும் அதிகம். குச்சி மெலிந்தால் மறுபடி கொஞ்சம் தடிக்கலாம். முற்றிலும் அறுந்துவிட்டால் பழைய பின்னல் திரும்பாது. அதனால்தான் இழந்த பிறகு மீட்பதைவிட இழக்காமல் காப்பது எளிது.

மாதவிடாய் நிற்பதற்கும் எலும்பு மெலிவதற்கும் உள்ள தொடர்பை 1941இல் எடுத்துச் சொன்னவர் பாஸ்டன் மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட். அடுத்த ஆண்டே சினையுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்த ஈஸ்ட்ரோஜன், ‘பிரமாரின்’ என்ற பெயரில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுத்தால் கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று 1975இல் தெரிந்தது. அன்றிலிருந்து கர்ப்பப்பை உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தையும் சேர்த்தே தருகிறார்கள்.

பெரிய அதிர்ச்சி 2002இல் வந்தது. ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற அமெரிக்க ஆய்வில் 16,608 பெண்களுக்குக் கூட்டு ஹார்மோன் மாத்திரையோ வெற்று மாத்திரையோ தரப்பட்டது. மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடியதாகத் தலைப்புச் செய்தி வந்தது. உலகெங்கும் பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அந்தச் சதவீதத்துக்குப் பின்னாலிருந்த எண்ணிக்கை இது: ஆண்டுக்கு 10,000 பெண்களில் 30 பேருக்கு வந்த புற்றுநோய் 38 பேருக்கு வந்தது. பக்கவாதம், ரத்தக்கட்டி, மாரடைப்பும் கூடின. அதே ஆய்வில் இடுப்பெலும்பு முறிவு 15இலிருந்து 10ஆகக் குறைந்தது. எலும்பைப் பொறுத்தவரை மருந்து சொன்னதைச் செய்தது.

ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பது அந்தப் பரபரப்பில் கவனம் பெறவில்லை. மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் கழித்து ஹார்மோன் தொடங்கியவர்கள் அவர்களில் ஏராளம். பின்னர் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 60 வயதுக்குள் அல்லது மாதவிடாய் நின்ற பத்தாண்டுக்குள் தொடங்குபவர்களுக்கு நன்மை மேலோங்கி இருப்பது தெரிந்தது. இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள் இந்த எல்லையைத்தான் பின்பற்றுகின்றன. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி, பக்கவாதம், கடும் கல்லீரல் நோய் கண்டவர்களுக்கு மட்டும் எந்த வயதிலும் பொதுவாக இது தரப்படுவதில்லை.

இன்னொன்றும் உண்டு: மருந்தை நிறுத்தினால் எலும்பு இழப்பு மறுபடி தொடங்கும். ஆகவே நிறுத்தும்போது அடுத்து என்ன என்பதையும் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

எழுபது வயதுப் பாட்டிக்கு எலும்புக்காக மட்டும் புதிதாக ஹார்மோன் தொடங்குவதில்லை. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் அது ஆஸ்டியோபோரோசிஸ் என்னும் எலும்பு மெலிவு நோய். அவருக்கு அலெண்ட்ரோனேட் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியும் உண்டு. அதை இடையில் தாமாக நிறுத்தினால் முதுகெலும்பு முறியும் ஆபத்து இருக்கிறது. கால்சியம், வைட்டமின் டி, நடை, எடை தூக்கும் பயிற்சி, வழுக்காத குளியலறை எல்லோருக்கும் பொது.

ஹார்மோன் மிகவும் தேவைப்படுவது வேறொரு கூட்டத்துக்கு. நாற்பதிலோ அதற்கு முன்போ கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்ட பெண்களின் எலும்பு, அறுவை சிகிச்சை நாளிலிருந்தே ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் தவிக்கிறது. தடையேதும் இல்லையென்றால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரையாவது அவர்களுக்கு ஹார்மோன் தருவதே மருத்துவ நடைமுறை. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அறுவை சிகிச்சை அறிக்கையை எடுத்து, சினைப்பைகளும் போயிருக்கின்றனவா என்று பாருங்கள். போயிருந்தால் எலும்பு முறியும்வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே மகளிர் நல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.