பேட்டரி போச்சா? கொஞ்சம் பொறுங்க!

நண்பர்களே! டிப்ளமோ முடித்து வெளியே போனதும் நம்மைத் தேடி முதலில் வரப்போவது பெரிய சப்-ஸ்டேஷன் வேலை என்று கனவு காண வேண்டாம். "தம்பி, வீட்டுல சோலார் சரியா நிக்க மாட்டேங்குது, கொஞ்சம் வந்து பாரு" என்ற அழைப்புதான் முதலில் வரும். கரன்ட் கம்பி எட்டாத தோட்டத்து வீட்டிலும் மலைக்கிராமத்து வீட்டிலும் பேனலும் பேட்டரியும்தான் மின்சார வாரியம். ராத்திரி எட்டு மணிக்கே விளக்கு அணைந்தால் எல்லோரும் சொல்லும் ஒரே தீர்ப்பு: "பேட்டரி போச்சு, புதுசு வாங்குங்க!"

பேனல் 20, 25 வருடம் உழைக்கும். இடையில் திரும்பத் திரும்பச் செலவு வைப்பது பேட்டரிதான். அதற்காகக் கடன் வாங்கும் குடும்பங்கள் உண்டு. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மாற்றினால் புதியதும் அதே கதிக்கு வந்து சேரும். ஆகவே, அளக்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

உதாரணத்துக்கு 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் ட்யூபுலர் பேட்டரிகள் இரண்டை சீரியஸில் இணைத்த 24 வோல்ட் பேங்க் ஒன்றை எடுத்துக் கொள்வோம்.

முதலில் பாதுகாப்பு

சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், வெடித்துவிடும். ஜன்னலைத் திற, பீடி, தீப்பெட்டி பக்கத்தில் கூடாது. மோதிரம், வாட்ச், செயின் எல்லாவற்றையும் கழற்று. கண்ணாடி போட்டுக்கொள். ஆசிட் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவு.

மொத்தத்தை நம்பாதே

பேனலையும் லோடையும் துண்டித்து, நாலைந்து மணி நேரம் பேட்டரியைச் சும்மா விட்ட பிறகு அளக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது பார்க்கும் வோல்டேஜ் பொய் சொல்லும். முழு சார்ஜில் ஒரு பேட்டரி சுமார் 12.7 வோல்ட் காட்டும்; 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 11.8 என்றால் காலி.

மீட்டர் மொத்தம் 24.6 காட்டுகிறது. "பரவாயில்லையே!" என்று தோன்றும். தனித்தனியே அளந்தால் ஒன்று 12.7, மற்றது 11.9! குற்றவாளி கூட்டத்தில் ஒளிந்துகொள்வான். அடுத்து விளக்கு, ஃபேன் எல்லாம் போட்டு மறுபடி அளந்து பார். ஒன்று மட்டும் சட்டென்று சரிந்தால் சந்தேகம் உறுதி.

ஹைட்ரோமீட்டர் சாட்சி

ஒரு பேட்டரிக்கு 6 செல், ஆக மொத்தம் 12. ஒவ்வொன்றின் ஒப்படர்த்தியையும் நோட்டில் எழுது. முழு சார்ஜ் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பெரும்பாலும் 1.240 முதல் 1.280க்குள் இருக்கும். எல்லா செல்லும் ஒரே மாதிரி 1.180 என்றால் பேட்டரி சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. மற்றவை 1.240 இருக்க ஒன்று மட்டும் 1.130 என்றால் அந்த செல்தான் நோயாளி. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிய உடனே அளக்காதே. குழாய்த் தண்ணீரும் கூடாது, கூடுதல் ஆசிடும் கூடாது!

இணைப்பைப் பார்

வெள்ளையும் பச்சையும் பூத்த டெர்மினல் பல பேட்டரிகளைக் காயலான் கடைக்கு அனுப்பியிருக்கிறது. மிக்சி ஓடி 20 ஆம்பியர் இழுக்கும்போது, மீட்டரின் ஒரு முனையை டெர்மினல் மேலும் இன்னொன்றை அதன் லக் மேலும் வை. அரை வோல்ட் காட்டினால் அந்த ஓர் இணைப்பிலேயே 10 வாட் சூடாக வீணாகிறது. கழற்றி, சமையல் சோடா கரைசலால் துடைத்து (செல்லுக்குள் ஒரு சொட்டும் போகாமல்), முறுக்கி, வாசலின் தடவினால் போதும். செலவு சில ரூபாய்!

பட்டினிக்குக் கணக்கு

500 வாட் பேனல், நல்ல வெயில் 5 மணி நேரம்: 2500 வாட்-அவர். இழப்பு 30 சதவீதம் போனால் 1750. செலவைப் பார்ப்போம்: 10 வாட் விளக்கு நாலு 6 மணி நேரம், 240. 70 வாட் ஃபேன் இரண்டு 10 மணி நேரம், 1400. 80 வாட் டிவி 4 மணி நேரம், 320. மொத்தம் 1960. தினமும் 210 துண்டு! பேங்கின் கொள்ளளவு 3600. ஒன்பதாம் நாள் பாதி காலி. பாதி சார்ஜிலேயே நாள்கணக்கில் கிடந்தால் தகட்டில் லெட் சல்பேட் கெட்டியாகிவிடும். பிறகு சார்ஜ் ஏறாது.

இங்கே புது பேட்டரி என்ன செய்யும்? அந்த இரண்டு ஃபேனையும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் 800 வாட்-அவர் மிச்சம். துண்டு விழுந்த பட்ஜெட்டில் உபரி! பேனல் மேல் தூசியும் மரநிழலும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடு.

கன்ட்ரோலர் செட்டிங்

தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரிக்கு 24 வோல்ட் பேங்கில் சார்ஜ் வோல்டேஜ் பொதுவாக 28.8 முதல் 29.6 வரை, ஃப்ளோட் சுமார் 27. குறைந்தால் பட்டினி, கூடினால் தண்ணீர் வேகமாக வற்றும். தகரக் கூரைக்கு அடியில் பேட்டரியை வைக்காதே; 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். லித்தியம் பேட்டரியின் கணக்கே வேறு. அதற்கு இந்த செட்டிங்கும் ஹைட்ரோமீட்டரும் பொருந்தாது. கம்பெனி கையேடுதான் வழிகாட்டி.

மாற்றித்தான் ஆக வேண்டுமா?

ஒரு செல் ஷார்ட் ஆகிவிட்டால் தாமதிக்காதே. கன்ட்ரோலர் மொத்த வோல்டேஜை மட்டுமே பார்ப்பதால், மீதிச் சுமை முழுவதும் நல்ல பேட்டரி தலையில் விழும். அதுவும் கொதித்துக் கெடும். பழையதோடு புதியதைச் சேர்ப்பதும் பொருந்தாத ஜோடிதான். பழையது தேய்ந்திருந்தால் இரண்டையும் ஒரே வகையில், ஒரே சமயத்தில் மாற்றுவதே நல்லது.

நண்பர்களே! லேபில் மதிப்பெண்ணுக்காக எடுக்கும் அதே ரீடிங்தான் நாளை ஒரு வீட்டின் கடனைக் குறைக்கப் போகிறது. "பேட்டரி போச்சு" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஏன் போச்சு என்று எழுதிக் காட்டுபவனே டெக்னீஷியன்!