நான்கு நாள் வியாபாரம், நூறு நாள் கடன்!

பொங்கல் நாள் மாலை. ஊரெல்லாம் பால் பொங்கி ஓய்ந்துவிட்டது. கடைத்தெரு முனையில் மட்டும் ஒருவர் முகம் பொங்கவில்லை, வாடியிருந்தது. அவர் முன்னே விற்காத கரும்புக் கட்டுகள் கிடந்தன. காலையில் ஜோடி நூறு ரூபாய்க்கு மேல் கேட்டவர், மாலையில், "கொடுப்பதைக் கொடுத்துவிட்டு எடுத்துப் போங்கள்" என்றார். எடுத்துப் போகத்தான் ஆளில்லை!

அவர் சோம்பேறி அல்லர். ஆலைக்குச் செல்லும் உழைப்பாளி. பண்டிகை விடுமுறையில் நாலு காசு பார்க்கலாமே என்று கடன் வாங்கிக் கடை போட்டவர். உழைப்பு இருந்தது, கணக்கு இல்லை. அதனால் வந்தது வினை.

தோழர்களே! மார்கழி வந்தால், "நாமும் ஒரு கடை போட்டால் என்ன?" என்ற எண்ணம் நம்மில் பலருக்கு எழும். எழட்டும், தவறில்லை. ஆனால் எண்ணம் எழுந்ததும் எடுக்க வேண்டியது கடன் அல்ல, காகிதமும் பென்சிலும்!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலை ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு மாறும். கட்டுக்கு எத்தனை கரும்பு என்பதும் சந்தைக்குச் சந்தை மாறும். எடுத்துக்காட்டுக்காக, கட்டுக்கு 15 கரும்பு, விலை 400 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். 40 கட்டு வாங்கினால் 16,000 ரூபாய். வண்டி வாடகை 2,500. ஏற்றுகூலி இறக்குகூலி 1,000. கீற்று, தார்ப்பாய், சாப்பாடு 1,500. ஆக முதல் 21,000. கையில் 600 கரும்பு.

"ஒரு கரும்பு 35 ரூபாய் அடக்கம், 60க்கு விற்றால் 15,000 இலாபம்!" என்று மனம் துள்ளும். துள்ள வேண்டாம்! 600-உம் விற்குமா? ஒடிந்தது, வளைந்தது, விற்காமல் நின்றது என 100 போகட்டும். 300 கரும்பு 60 ரூபாய்க்குப் போனால் 18,000. கடைசி நேரத்தில் 200 கரும்பு 40 ரூபாய்க்குப் போனால் 8,000. வரவு 26,000. மிச்சம் 5,000. கணவனும் மனைவியும் நான்கு நாள் வெயிலிலும் பனியிலும் நின்றதற்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 625 ரூபாய்! இது இலாபமா, கூலியா? நீங்களே சொல்லுங்கள்.

இப்போது ஆசையைச் சற்றே அடக்குவோம். 25 கட்டுப் போதும். அதே ஊர்த் தோழர்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு ஒரே வண்டியில் ஏற்றினால், நம் பங்கு வாடகை 1,200. கரும்பு 10,000, கூலி 600, கடைச் செலவு அதே 1,500. முதல் 13,300. 375 கரும்பில் 25 வீணானாலும், 250 கரும்பு 60 வீதம் 15,000. 100 கரும்பு 40 வீதம் 4,000. வரவு 19,000. மிச்சம் 5,700. குறைந்த முதல், கூடுதல் மிச்சம்! கூட்டுச் சேர்வது கூலி உயர்வு கேட்க மட்டுமல்ல. வண்டி வாடகை குறைக்கவும் உதவும்.

கரும்பு வாங்கும்போது கட்டைப் பிரித்து எண்ணுங்கள். தோகை பசுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்திருந்தால் வெட்டி நாளாயிற்று என்று பொருள். நிழலில் நிறுத்தி வையுங்கள். பக்கத்தில் மஞ்சள் கொத்தும் இஞ்சிக் கொத்தும் வையுங்கள். கரும்புக்கு வந்தவர் அதையும் வாங்குவார். விற்பனை சூடுபிடிப்பது போகிக்கு முந்திய நாளும் போகியும். பொங்கலன்று காலை பத்து மணிக்கு மேல் விலையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர், கரும்பையும் பிடித்துக்கொண்டு நிற்பார்!

இன்னொன்று. அரிசி பெறும் குடும்ப அட்டைக்கு அரசின் பொங்கல் தொகுப்பில் ஒரு முழுக் கரும்பு 2023இலும் 2025இலும் தரப்பட்டது. அவ்வாண்டு அறிவிப்பு என்ன என்று தெரிந்துகொண்ட பிறகே எத்தனை கட்டு என்று முடிவு செய்யுங்கள்.

இடம் எது? மார்கழி முதல் வாரத்திலேயே நகராட்சியிலோ ஊராட்சியிலோ கேட்டு, கட்டணம் செலுத்தி, இரசீது பெறுங்கள். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் வெறும் காகிதமல்ல. பொருளைப் பறிமுதல் செய்தால் கையொப்பமிட்ட பட்டியல் தர வேண்டும். அழுகும் பொருளாயின், உரிய கட்டணம் செலுத்திக் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும் என்கிறது அச்சட்டம். நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் ஊர்க் குழுவில் இருப்பவர் யார்? கேட்டதுண்டா? கேளுங்கள்!

முடிவாகக் கடன். பத்தாயிரம் என்று எழுதி வாங்கிக்கொண்டு, எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுத்து, நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் வாங்குவானே, அந்தத் தண்டல்காரன் வாசலுக்குப் போகாதீர்கள். தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி இவற்றை எல்லாம் தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. தடை செய்யப்பட்டவன் தைரியமாக உலவுகிறான். உழைப்பவன் அவனைக் கண்டு ஒளிகிறான்! இது நியாயமா? கரும்பு இனிப்பது நான்கு நாள். தண்டல் கசப்பதோ நூறு நாள். கையிலுள்ள முதலுக்கு எத்தனை கட்டோ அத்தனை கட்டே வாங்குங்கள். பத்துக் கட்டானால் பத்து. குறைவாக வாங்கியவர் பொங்கலன்று மாலை வீட்டில் இருப்பார், பிள்ளைகளோடு. அதிகம் வாங்கியவர் தெரு முனையில் நிற்பார், கரும்போடு.

மார்கழி பிறக்கட்டும், முதலில் கணக்குப் பிறக்கட்டும்!